"புது ஓ.எஸ். போட்டுடலாம்" என்பதற்கு முன் உங்கள் கணினியில் பார்க்க வேண்டியவை

கணினி மெதுவாகிவிட்டது என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், மூடியைத் திறப்பதற்கு முன்பே "ஃபார்மட் பண்ணி புது ஓ.எஸ். போட்டுடலாம்" என்று பதில் வருவது வழக்கம். சில நேரம் அது சரியான வைத்தியம்தான். ஆனால் கோளாறு ரேம் போதாததிலோ, தேய்ந்துபோன ஹார்டு டிஸ்க்கிலோ இருந்தால், புதிதாகப் போட்ட ஓ.எஸ். கொஞ்ச நாள் சுறுசுறுப்பாக ஓடிவிட்டு மறுபடி பழைய நிலைக்கே வந்துவிடும். எது என்று பிரித்துப் பார்க்க, ஓ.எஸ்., அதாவது இயங்குதளம், என்ன வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதை உங்கள் கணினியிலேயே பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சுருங்கிய வடிவில் வந்தால் "மோர் டீடெய்ல்ஸ்" என்பதைச் சொடுக்குங்கள். கீழே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் வேறுபடும் இடங்களில் அதுவும் வரும்.

பட்டனை அழுத்தியது முதல் லாகின் வரை

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் ஒரு சிப்பில் பதிந்திருக்கும் யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர்தான் முதலில் கண்விழிக்கும் (பழைய கணினிகளில் பயாஸ்). ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் பதில் சொல்கின்றனவா என்று அது பார்க்கும். பிறகு டிஸ்க்கில் ஃபேட்32 என்ற கோப்பு அடுக்கும் முறையில் அமைந்த ஒரு சின்னப் பகுதியைத் தேடி, அங்குள்ள பூட்லோடரை எழுப்பும். பூட்லோடரின் வேலை, இயங்குதளத்தின் மையமான கெர்னலை ரேமில் ஏற்றுவது. கெர்னல், சாதனங்களை இயக்கும் டிரைவர்களை ஏற்றி, பின்னணியில் ஓடும் சர்வீஸ்களைத் தொடங்கி, கடைசியில் லாகின் திரையைக் காட்டும். லினக்ஸிலும் இதே வரிசைதான். பூட்லோடர் பெரும்பாலும் க்ரப், கெர்னலுக்குப் பின் எழும் முதல் நிரல் பெரும்பாலும் சிஸ்டம்டி.

இந்த வரிசை தெரிந்தால், நின்ற இடத்தை வைத்தே கோளாறை ஊகிக்கலாம். கம்பெனி லோகோவே வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் அது ஹார்டுவேர். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்க்க வேண்டிய கட்டம், ஓ.எஸ். இன்னும் காட்சிக்குள்ளேயே வரவில்லை. "பூட் டிவைஸ் இல்லை" என்று வந்தால் யூஇஎஃப்ஐ திரைக்குள் போய் டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே இல்லையென்றால் கேபிளோ டிஸ்க்கோ போயிருக்கிறது. பெயர் இருந்தும் ஏறவில்லை என்றால் பூட்லோடர் கெட்டிருக்கலாம். லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே நின்றால் டிரைவரையோ டிஸ்க்கையோ சந்தேகப்படலாம். லாகினுக்குப் பிறகு மட்டும் ஐந்து நிமிடம் இழுக்கிறது என்றால், டாஸ்க் மேனேஜரின் "ஸ்டார்ட்அப்" பகுதியைத் திறந்து, தேவையில்லாதவற்றை "டிஸேபிள்" செய்யுங்கள். பிரிண்டர் உதவி நிரல், கேம் லாஞ்சர், சாட் செயலிகள் எல்லாம் அங்கே வரிசையில் நிற்கும். நிறுத்தினாலும் அவை அழிந்துவிடாது, கூப்பிடும்போது மட்டும் வரும். ஆன்டிவைரஸைத் தொடாதீர்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: விண்டோஸ் 8 முதல், "ஷட் டவுன்" கொடுத்தால் கணினி முழுவதுமாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயக்கத்தில் இருந்தால், கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். தினமும் இரவில் அணைக்கிறீர்களா? டாஸ்க் மேனேஜரில் "பெர்ஃபார்மன்ஸ்", பிறகு "சிபியு" போய் "அப் டைம்" பாருங்கள். பல நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் காரணம் இதுதான். டிரைவரில் சிக்கிய கோளாறு ஷட் டவுனில் போகாது, "ரீஸ்டார்ட்" கொடுத்தால் போகும். ரீஸ்டார்ட் எப்போதும் கெர்னலைப் புதிதாகவே ஏற்றுகிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும். ஒரே கணினியில் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இந்த வசதியை நிறுத்திவிடுவது நல்லது. இல்லையென்றால் விண்டோஸ் பாதியில் விட்டுவைத்த டிஸ்க் பகுதியில் எழுத லினக்ஸ் மறுக்கும்.

கெர்னலும் மற்றவையும்

பிராசஸரில் இயங்குதளம் பயன்படுத்தும் அனுமதித் தளங்கள் இரண்டு. கெர்னலும் பெரும்பாலான டிரைவர்களும் மேல்தளத்தில் ஓடுகின்றன. அவற்றுக்கு எந்த நினைவக இடத்தையும் எந்தச் சாதனத்தையும் தொட அனுமதி உண்டு. பிரவுசர், வேர்டு, டாலி எல்லாம் கீழ்த்தளத்தில். ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமென்றாலும் அவை கெர்னலைக் கேட்டுத்தான் செய்ய முடியும். அதனால் ஒரு செயலி தடுமாறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும், மற்றவை ஓடும். மேல்தளத்தில் ஒன்று தடுமாறினால், தரவு கெட்டுவிடக் கூடாது என்று விண்டோஸ் தானே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். நீலத்திரை என்பது அதுதான்.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் நீலத்திரை வந்தது நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பழுதான அப்டேட் அதற்குக் காரணம். மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் கணினிகள் நின்றன. அந்த மென்பொருளின் டிரைவர் கெர்னல் தளத்தில் ஓடியதால், அதன் ஒரு தவறு முழுக் கணினியையும் கவிழ்த்தது. பூட் ஆகும்போதே டிரைவரும் ஏறியதால் ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. சேஃப் மோடில் நுழைந்து அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது.

உங்களுக்கும் அதே வழிதான். புதிய டிரைவரோ அப்டேட்டோ போட்ட பிறகு நீலத்திரை வருகிறதென்றால், ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். "டிரபிள்ஷூட்", "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்", "ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்" என்று போய், மறுபடி ரீஸ்டார்ட் ஆனதும் 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோடு வரும். அதில் அத்தியாவசிய டிரைவர்கள் மட்டுமே ஏறும். அங்கே ஒழுங்காக ஓடினால், டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் "ரோல் பேக் டிரைவர்" கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். ஃபார்மட் தேவைப்படாது.

பிராசஸர்

கணினி மெதுவாவதற்கு இது காரணமாக இருப்பது நினைப்பதைவிடக் குறைவு. டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தில் ஆயிரக்கணக்கான த்ரெட்கள், அதாவது நிரல்களின் தனித்தனி வேலை இழைகள், இருப்பதாகக் காட்டும். அவற்றை ஓட்ட உங்களிடம் இருப்பதோ பிராசஸருக்குள் நான்கோ எட்டோ கோர்கள். ஒவ்வொன்றுக்கும் சில மில்லி செகண்ட் கொடுத்து, நிறுத்தி, அடுத்ததைக் கூப்பிட்டு, எல்லாம் ஒன்றாக ஓடுவதுபோல் கெர்னல் காட்டுகிறது. பெரும்பாலான த்ரெட்கள் எதற்காவது காத்துத் தூங்கிக்கொண்டிருப்பதால்தான் இது சாத்தியம்.

ஒரு எண் மட்டும் கவனிக்கத் தக்கது. ஒரு நிரல் முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டால் அது ஒரு கோரைத்தான் முழுதாகத் தின்னும். ஆகவே 4 லாஜிக்கல் பிராசஸர் (விண்டோஸ் எண்ணும் கோர்) உள்ள கணினியில் அது 25 சதவீதம் என்றும், 8 உள்ளதில் 12.5 என்றும் காட்டும். 25 தானே என்று விட்டுவிடாதீர்கள். அந்த எண் அசையாமல் நின்றால் ஆள் அதுதான். "சிஸ்டம் ஐடில் பிராசஸ்" 95 சதவீதம் காட்டினால் பயப்பட வேண்டாம், அது சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. ஒரு ஜன்னல் 5 விநாடி பதில் தராவிட்டால் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வரும். பெரிய எக்செல் கோப்பு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாலும் வரும். உடனே "எண்ட் டாஸ்க்" அடித்தால் சேமிக்காத வேலை போய்விடும்.

ரேம்

"மெமரி 70 சதவீதம்" என்பதைப் பார்த்துப் பதறுபவர்கள் அதிகம். அது செயலிகளும் இயங்குதளமும் பிடித்திருக்கும் பங்கு. சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபமில்லை என்பதால், மிச்சமுள்ள ரேமிலும் அடிக்கடி படிக்கும் கோப்புகளை இயங்குதளம் வைத்துக்கொள்ளும். செயலி ஏதாவது கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது "அவைலபிள்" என்ற எண்ணை. லினக்ஸில் ஃப்ரீ என்ற கட்டளையின் "அவைலபிள்" பத்தியும் அதையே சொல்லும். பக்கத்திலிருக்கும் "ஃப்ரீ" பத்தியை நம்பாதீர்கள்.

ரேம் நிறைந்தால் என்ன நடக்கும்? அதிகம் புழங்காத பகுதிகளை, வீட்டில் பரணில் ஏற்றுவதுபோல, கெர்னல் டிஸ்க்கில் ஏற்றி வைக்கும். விண்டோஸில் அது பேஜ் ஃபைல், லினக்ஸில் ஸ்வாப். மறுபடி தேவைப்படும்போது இறக்க நேரமாகும். ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் ஹார்டு டிஸ்க் விளக்கு எரிந்து, மவுஸ் திக்குகிறது என்றால் ஏற்றி இறக்கும் வேலைதான் நடக்கிறது. உறுதி செய்ய "கமிட்டெட்" என்ற எண்ணைப் பாருங்கள். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது செயலிகள் கேட்டுவைத்த மொத்தம், பின்னால் இருப்பது ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த எல்லை. 4 ஜிபி ரேமில் முதல் எண் வழக்கமாக 6, 7 என்று நின்றால் எத்தனை முறை ஓ.எஸ். போட்டாலும் தீராது. விண்டோஸ் 11 வெறுமனே நிற்கும்போதே 4 ஜிபியில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

வாங்குவதற்கு முன் அதே பக்கத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்ன என்று பாருங்கள். இரண்டில் ஒன்று என்றால் இன்னொன்று காலி. "ஃபார்ம் ஃபேக்டர்" என்ற இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் அந்த ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டது, கழற்ற முடியாது. டிடிஆர்3 போர்டில் டிடிஆர்4 ஏறாது; வெட்டு இருக்கும் இடமே வேறு. பேஜ் ஃபைலை நிறுத்தினால் வேகம் கூடும் என்று சில காணொளிகள் சொல்கின்றன. செய்யாதீர்கள். எல்லை தொட்டதும் செயலிகள் சொல்லாமல் கொள்ளாமல் விழும்.

டிஸ்க்

பழைய கணினிகளில் குற்றவாளி பெரும்பாலும் இங்கேதான். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் பெயருக்குக் கீழே எச்டிடி (சுழலும் தட்டுள்ள ஹார்டு டிஸ்க்), எஸ்எஸ்டி (சிப்பில் சேமிப்பது) என்று எழுதியிருக்கும். எச்டிடியில் நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். தேவையான இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி, ஊசி நகர்வதற்கு இன்னொரு பங்கு. எனவே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை விநாடிக்கு நூறு தடவைக்கும் குறைவாகத்தான் தேட முடியும். "ஆக்டிவ் டைம்" 100 சதவீதம், ஆனால் வேகம் 1 அல்லது 2 எம்பி என்று காட்டுவது இதனால். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. பழைய மடிக்கணினிக்குச் செலவிடும் பணத்தில் எஸ்எஸ்டி மாற்றுவதைவிடப் பலன் தருவது வேறில்லை.

"ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்" நூற்றுக்கணக்கான மில்லி செகண்டில் நின்றுகொண்டே இருந்தால் டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலில் "காஷன்" என்று மஞ்சளாகக் காட்டினால், வேறெதையும் செய்யாமல் முதலில் கோப்புகளைப் பிரதி எடுங்கள். அந்த டிஸ்க்கில் புது ஓ.எஸ். போடுவது வீண் செலவு.

அடிக்கடி கேட்கப்படும் மூன்று சந்தேகங்கள். 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டுவது ஏமாற்று அல்ல: தயாரிப்பாளர் ஜிபியை 100 கோடி பைட்டாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 கணக்கில் வகுக்கிறது. 32 ஜிபி பென்டிரைவில் 5 ஜிபி படம் ஏற மறுத்தால், அது ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. உள்ளிருப்பதை வெளியே எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள், மேக்கிலும் எழுதலாம். தவறி அழித்த கோப்பைப் பொறுத்தவரை, எச்டிடியில் அழிவது பதிவேட்டுக் குறிப்பு மட்டும். அதன்மேல் வேறு எதுவும் எழுதாமல் இருந்தால் மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டியில் ட்ரிம் என்ற ஏற்பாடு அந்த இடத்தையும் துடைத்துவிடுவதால் நம்பிக்கை குறைவு.

சி டிரைவில் பத்துப் பதினைந்து சதவீதமாவது காலியாக இருக்கட்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், "டெம்பரரி ஃபைல்ஸ்" வழியாகத் துடைக்கலாம். அந்தப் பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்பதும் இருக்கும். அதில் டிக் போட்டால் உங்கள் சொந்தக் கோப்புகளும் சேர்ந்து போய்விடும்.

கடைசிச் சோதனை

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடவில்லையா? 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில், ரூஃபஸ் என்ற நிரல் கொண்டு உபுண்டு அல்லது மின்ட் என்ற லினக்ஸ் வகையை ஏற்றுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். ஆன் செய்யும்போது டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்தி பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன் ஒன்று: விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் வசதியான பிட்லாக்கர் இருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். யூஇஎஃப்ஐ அமைப்பில் கை வைத்தால் சில நேரம் அதைக் கேட்கும்.

பென்டிரைவிலிருந்து ஓடுவதால் திறப்பதற்கு நேரமெடுக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அரை மணி நேரம் பிரவுசர், காணொளி என்று ஓட்டும்போது இங்கேயும் உறைந்து நின்றால் கோளாறு ஹார்டுவேரில். ரேம், சூடு, பவர் சப்ளை என்று தேடுங்கள். இங்கே ஒழுங்காக ஓடி, விண்டோஸின் டிஸ்க்கும் ஆரோக்கியமாக இருந்தால், இப்போது ஓ.எஸ். போடுவதில் நியாயம் உண்டு.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை முதல்தான். தகுதி பெறாத கணினிக்கு, சோதித்துப் பார்த்த அந்த லினக்ஸையே நிறுவிவிடலாம். அரசுப் பள்ளி மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு அந்நியமாக இருக்காது. விண்டோஸையே மறுபடி போடுவதானால், வைஃபை டிரைவரை முன்கூட்டியே இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஏறிய விண்டோஸுக்கு வைஃபை தெரியாவிட்டால், அந்த டிரைவரை இறக்க இணையமும் இருக்காது.