குடியைத் திடீரென்று நிறுத்தியவர் வீட்டில் இருந்தால்

என் அண்ணன் இருபது வருடம் தினமும் குடித்தவர். ஒருநாள் மகளோடு ஏதோ பேச்சு முற்றி, மிச்சமிருந்த பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்துவிட்டு "இனி தொடமாட்டேன்" என்றார். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். மறுநாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டின் மேலேயே சாய்ந்தார். வலிப்பு.

குடி கெடுதல் என்று யாருக்கும் தெரியும். பல வருடக் குடியைச் சட்டென்று நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். மது மூளையை மந்தமாக்கும். தினமும் அப்படி நடந்தால், அதற்கு ஈடுகட்ட மூளை தன்னை எந்நேரமும் முடுக்கியே வைத்திருக்கும். மது நின்ற பிறகும் முடுக்கம் நிற்காது, அதுதான் நடுக்கமாகவும் வலிப்பாகவும் வெளிப்படும்.

அதனால் நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். காலையில் கை நடுங்கி, குடித்ததும் நடுக்கம் அடங்குகிறவர், முன்பு வலிப்பு வந்தவர், தூக்க மாத்திரையும் போடுகிறவர் என்றால் தள்ளிப்போடவே கூடாது. அளவை உள்ளபடி சொல்லவேண்டும். அண்ணன் "கொஞ்சம்தான்" என்றார். நல்லவேளை, அண்ணி காலி பாட்டில்களை எண்ணி வைத்திருந்தார்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டாரா? சரி, கடைசியாகக் குடித்த நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். சுமார் 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கலாம். அப்போதே டாக்டரிடம் பேசிவிடுங்கள், மோசமாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இருக்கும் இடம் தெரியாது, காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடக்கும். நடிக்கிறார் என்று திட்டாதீர்கள், கட்டிப்போடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வலிப்பு வந்தால் சுற்றியுள்ள சாமான்களை நகர்த்துங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். நான் பதற்றத்தில் கரண்டியோடு ஓடினேன், அண்ணிதான் தடுத்தார். கைகால் உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஒருமுறைதானே என்று விடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. பீரோவில் கிடந்த தூக்க மாத்திரையைக் கொடுக்கலாம் என்றார் ஒரு உறவினர். டாக்டர் தரும் டயஜபாம் போன்ற, மூளையின் முடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரைகள் அளவு பார்த்து, நாளுக்கு நாள் குறைத்துத் தருபவை. நாமாகக் கொடுத்து, அவரும் மறைவாகக் குடித்துவிட்டால் மூச்சே அடங்கிப்போகலாம். டைசல்ஃபிராம், அதாவது குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரையைச் சாப்பாட்டில் ரகசியமாகக் கலப்பதும் அப்படித்தான். தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தயமின், அதாவது பி1 வைட்டமின், பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நாள்பட்ட குடியில் அது வற்றிப்போனால் நடை தள்ளாடும், கண் அசைவு கெடும், நினைவும் போகும்.

அப்புறம், சில வாரம் கழித்து மறுபடி குடிப்பவர்கள் உண்டு, அண்ணனும் குடித்தார். உடம்பு பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது என்றால் தூங்கட்டும் என்று விட்டுவிடாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள்.