குழந்தைகளோடு கோளரங்கம் போவது எப்படி: சென்னை கோட்டூர்புரத்தை முன்வைத்து ஒரு செய்முறை

சென்னை கோட்டூர்புரத்தில், காந்தி மண்டபம் சாலையில் இருக்கிறது பிர்லா கோளரங்கம். 1988-ல் திறந்தது. பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். பலர் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். ஆனால் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போனால், "ஏசி நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். கோளரங்கம் போவதில் பாதி வேலை வீட்டு மொட்டை மாடியில்தான் நடக்க வேண்டும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம் கொடுங்கள்

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு நட்சத்திரம் இருக்கிறது. பிறந்த நட்சத்திரம். சோதிடத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். அந்தப் பெயர்களுக்கு உரியவை நிஜமாகவே வானத்தில் இருக்கின்றன, அவற்றில் பலவற்றை வெறுங்கண்ணால் பார்க்கலாம். "இதுதான் உன் நட்சத்திரம்" என்று ஒரு முறை காட்டிவிட்டால் போதும். அப்புறம் பிள்ளை கேள்வி கேட்பதை நிறுத்தாது.

நகரத்து வானத்திலும் தெரியக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். டிசம்பர் முதல் மார்ச் வரை, மாலை இருட்டியதும், வேட்டைக்காரன் மண்டலத்தைத் தேடுங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் அடையாளம். அதன் ஒரு பக்கத்தில் சிவந்து தெரிவது திருவாதிரை. மறுபக்கம் சற்றுத் தள்ளி ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. அதையும் தாண்டினால் சிறு கொத்தாகக் கார்த்திகை. ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே ஏழு நட்சத்திரங்கள் கொண்ட சப்தரிஷி மண்டலம் தெரியும். அதன் வால் வளைந்து போகும் போக்கிலேயே கண்ணைக் கொண்டுபோனால் முதலில் சுவாதி, அடுத்து சித்திரை. ஜூலை, ஆகஸ்டில் தெற்கே சிவப்பாகக் கேட்டை.

உங்கள் பிள்ளையின் நட்சத்திரம் மங்கலானதாக இருந்தால், இவற்றில் ஒன்றைப் பிடித்ததாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ரோகிணியின் ஒளி நம்மை வந்தடைய ஏறக்குறைய 65 ஆண்டு ஆகிறது. அறுபதைத் தாண்டிய தாத்தா வீட்டில் இருந்தால், "தாத்தா பிறந்த சமயத்துல கிளம்புன வெளிச்சம் இப்பதான் வருது" என்று சொல்லிப் பாருங்கள். ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம்) என்ற பாடமே அதில் அடங்கிவிடும்.

இரண்டாம் படி: வீட்டிலேயே ஒரு குட்டிக் கோளரங்கம்

இன்றைய முறைப்படியான கோளரங்கக் கருவியை முதலில் செய்தது ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம். 1923-ல் மியூனிக் நகரில் அதை இயக்கிக் காட்டினார்கள். நடுவில் ஒரு விளக்கு, சுற்றிலும் துளைகளும் லென்சுகளும் கொண்ட உருண்டை, மேலே வெள்ளைக் குவிமாடம். அடிப்படை இவ்வளவுதான். இப்போது பல இடங்களில் டிஜிட்டல் புரொஜெக்டர் வந்துவிட்டது என்றாலும், பிள்ளைக்கு இந்தப் பழைய முறைதான் சட்டென்று புரியும்.

ஒரு கெட்டியான கறுப்பு அட்டையை எடுங்கள். வேட்டைக்காரன் மண்டலத்தின் பிரகாசமான நட்சத்திரங்களைப் பென்சிலால் குறித்து, ஊசியால் குத்துங்கள். பிரகாசமானவற்றுக்குத் துளை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். விளக்குகளை அணைத்துவிட்டு, பென்சில் குறி உள்ள பக்கம் வெளிச்சம் படும்படி செல்போன் டார்ச்சைப் பிடித்துச் சுவரில் அடியுங்கள். பக்கத்தை மாற்றிப் பிடித்தால் உருவம் இடவலமாக மாறிவிடும், அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. செல்போன் டார்ச் சின்னப் புள்ளியாக இருப்பதால் சுவரில் நட்சத்திரங்கள் தெளிவாக விழும். அட்டையை மெல்லத் திருப்பினால் வானம் நகரும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. இருட்டில் உட்கார்ந்து பார்ப்பது பிள்ளைக்குப் பழகிவிடும்.

மூன்றாம் படி: கிளம்பும் முன்

தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிக் காட்சிகள் உண்டு. அன்றைய நேரங்களைப் போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பிள்ளை எந்த மொழியில் கனவு காணுமோ அந்த மொழிக் காட்சிக்கே போங்கள். ஆங்கிலம் பழகட்டும் என்று இங்கே பரிசோதனை வேண்டாம். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையென்றால் ஒன்றிரண்டு வருடம் பொறுப்பதே நல்லது என்பது என் கருத்து.

பறக்கும் ரயிலில் வந்தால் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். காட்சிக்கு அரை மணி நேரம் முன்பே டிக்கெட் கவுன்டரில் இருங்கள். பாத்ரூம் வேலையை முடித்துவிடுங்கள். ஏசிக்கு ஒரு முழுக்கைச் சட்டை போதும்.

நான்காம் படி: உள்ளே

இடம் பிடிப்பதுதான் முக்கியம். நடுவில் கருவி இருக்கும் வட்ட அரங்குகளில் எல்லோரும் நடுவுக்கு ஓடுவார்கள். நீங்கள் சுவரோரமாக, பின் வரிசைக்குப் போங்கள். கழுத்தை ரொம்ப வளைக்காமல் குவிமாடத்தின் பெரும்பகுதியைப் பார்க்கலாம். காட்சி பெரும்பாலும் எந்தப் பக்கம் ஓடும் என்று ஊழியரிடம் கேட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள்.

"இப்ப சாயங்காலம் ஆகிற மாதிரி மெதுவா இருட்டும்" என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செல்போனை அணைத்து உள்ளே வையுங்கள். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். யாரோ ஒருவர் போட்டோ எடுக்கத் திரையைத் திறந்தால், சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் அது கெட்டுப்போகிறது.

காட்சியில் துருவ நட்சத்திரம் வரும்போது அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் சுமார் 13 பாகை (டிகிரி). கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அது ஏறத்தாழ 10 பாகை. ஆக, ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. வடதுருவத்தில் நின்றால் அதே நட்சத்திரம் உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும்.

முடிந்ததும் அவசரப்பட்டு வெளியே வராதீர்கள். விளக்கம் சொன்னவரோ ஊழியரோ இருந்தால், "என் நட்சத்திரம் இப்ப எங்க இருக்கும்?" என்று பிள்ளையையே கேட்க விடுங்கள். நீங்கள் குறுக்கே பேச வேண்டாம்.

ஐந்தாம் படி: திரும்பி வந்தபின்

நேரம் மிச்சமிருந்தால் அதே சாலையில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குப் போய் வானியல் புத்தகம் ஒன்றைப் புரட்டலாம்.

வீட்டில் அடுத்த வேலை சூரியனோடு. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் சென்னையில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று 12 மணி தாண்டியதும் மொட்டை மாடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை அதன் நிழலின் நுனியைப் பிள்ளை சாக்பீஸால் குறிக்கட்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நிழல் முழுதாக மறையும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளையும் இதைச் செய்யச் சொல்லுங்கள். அவர்களுக்கு அந்த நாள் வேறாக இருக்கும். ஏன் என்று போனில் பேசிக்கொள்ளட்டும்.