ஒசாகாவில் ஒரு வாரம்: கேளிக்கைப் பூங்காவையும் நகரத்தையும் சேர்த்துப் பார்க்கத் திட்டமிடுவது எப்படி?

ஒசாகாவுக்கு ஒரு வாரப் பயணம் என்று முடிவானதும், நம்மில் பலர் முதலில் விமானச் சீட்டையும் பிறகு விடுதியையும் பதிவு செய்துவிட்டு, யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஜப்பானுக்கு எந்த நாளில் போவது என்பதைக் கடைசியாகத்தான் யோசிக்கிறோம். இந்த வரிசையை அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கோட்டையும் கோயிலும் எந்த நாளில் போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பூங்கா அப்படியன்று, அங்கே செவ்வாய்க்கிழமை கிடைக்கும் அனுபவம் வேறு, சனிக்கிழமை கிடைக்கும் அனுபவம் வேறு. ஆகவே பூங்காவுக்குரிய நாளை முதலில் குறித்துக்கொண்டு, மற்ற நாட்களை அதைச் சுற்றி அமைப்பதே சரி.

மாதமும் கிழமையும்

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை ஜப்பானியப் பள்ளிகளுக்கு வசந்த விடுமுறை. செர்ரி மலர்களும் அப்போதுதான் பூக்கும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை வரும் தொடர் விடுமுறையை அவர்கள் ‘பொன் வாரம்’ என்கிறார்கள். ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களுக்கான ஓபோன் வழிபாட்டு நாட்கள். இந்த மூன்று காலங்களிலும் பூங்காவைத் தவிர்த்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறையில் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு: பொன் வாரம் முடிந்து, ஜூன் மாதம் மழைக்காலம் தொடங்குவதற்குள் கிடைக்கும் மே இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும், அதிக வெயிலும் குளிரும் இல்லாத அருமையான நாட்கள். சீருடையில் வரும் பள்ளிச் சுற்றுலாக் குழுக்களை அப்போது நிறையப் பார்ப்பீர்கள். ஆனாலும் வார நாட்களில் கூட்டம் தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கும்.

கிழமையைப் பொறுத்தவரை, செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒசாகாவில் இறங்குமாறு விமானத்தைப் பதிவு செய்தால், திங்கட்கிழமை நகரத்தைச் சுற்றி உடலைப் பழக்கிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை பூங்காவுக்குச் செல்லலாம். ஜப்பானிய நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை ஆறு மணிக்கு எழுவது, நம் உடலுக்கு அதிகாலை இரண்டரை மணிக்கு எழுவதற்குச் சமம். வந்து இறங்கிய மறுநாளே பூங்காவுக்குப் போகக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் விசா தேவை. வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை எடுத்துச் செல்பவர்கள் அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சூடோஎஃபெட்ரின் அளவு பத்து விழுக்காட்டுக்கு மேல் உள்ள சளி மருந்துகளுக்கு ஜப்பானில் அனுமதி இல்லை. அங்கே மின்சாரம் 100 வோல்ட், செருகி தட்டையான இரண்டு முனை கொண்டது.

தங்குமிடம்

பூங்காவின் வாசலிலேயே விடுதிகள் இருக்கின்றன. நகரின் வடக்கே உமேதாவிலும் நிறைய இருக்கின்றன. என்னைக் கேட்டால், ஒரு வாரத்துக்கு நகரின் தெற்கே உள்ள நம்பா பகுதிதான் பொருத்தமான இடம். கான்சாய் விமான நிலையத்திலிருந்து நான்காய் ரயில் முக்கால் மணி நேரத்தில் நேராக நம்பாவுக்கு வந்துவிடுகிறது. அங்கே ஒசாகா-நம்பா என்ற நிலையத்தில் கிழக்கே போகும் கிந்தெத்சு ரயில் ஏறினால் பழைய தலைநகரான நாரா. அதே நிலையத்தில் மேற்கே போகும் ஹான்ஷின் ரயில் ஏறி, நிஷிகுஜோவில் இறங்கி, ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) யுமேசாகி பாதையில் மாறினால் பூங்காவுக்கான யுனிவர்சல் சிட்டி நிலையம். நகருக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்ல, 1933இல் தொடங்கப்பட்ட மிதோசுஜி சுரங்க ரயிலின் சிவப்புப் பாதையும் நம்பா வழியாகவே போகிறது. வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கு, ரயில் மாறும் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் அது பெரிய நிம்மதி.

விமான நிலையத்திலேயே இகோகா அட்டையை வாங்கிவிடுங்கள். விலை 2,000 யென். அதில் 500 யென் வைப்புத்தொகை. ரயில், பேருந்து, சிறு கடைகள், தானியங்கி விற்பனைப் பெட்டிகள் எல்லாவற்றிலும் இது செல்லும். மின்படிக்கட்டில் ஒசாகா மக்கள் வலப்பக்கம் நிற்பார்கள், தோக்கியோவில் இடப்பக்கம். இறங்கிய முதல் ஐந்து நிமிடத்திலேயே இது தேவைப்படும்.

பூங்கா நாள்

2001 மார்ச் 31 அன்று திறக்கப்பட்ட இந்தப் பூங்காவின் நுழைவுச்சீட்டு, தேதி குறிக்கப்பட்டது. விலையும் நாளுக்கு நாள் மாறும்: பெரியவர்களுக்கு 8,600 யென்னில் தொடங்கி, கூட்டமான நாட்களில் 11,000 யென்னைத் தாண்டும். பன்னிரண்டு வயது முதல் பெரியவர் கணக்கு, நான்கு முதல் பதினொன்று வரை சிறுவர் கணக்கு, மூன்றும் அதற்குக் கீழும் இலவசம். பூங்காவின் நாட்காட்டியில் எந்த நாள் மலிவாக இருக்கிறதோ, அந்த நாளில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று அவர்களே எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். கிழமையைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல குறிப்பு வேறில்லை.

சவாரிகளில் நீண்ட வரிசையில் நிற்காமல் விரைவாக ஏற உதவும் எக்ஸ்பிரஸ் பாஸ் என்பது தனி. நுழைவுச்சீட்டோடு சேர்த்து அதற்கும் பணம் கட்ட வேண்டும். சில நாட்களில் அது நுழைவுச்சீட்டைவிட விலை கூடுதலாகவும் இருக்கும். வார நாளில், அதிகாலையில் போகக்கூடிய குடும்பத்துக்கு அது கட்டாயம் இல்லை. சனி, ஞாயிறு தவிர வேறு நாள் கிடைக்காதவர்களும், நீண்ட நேரம் நிற்க முடியாத முதியவர்களோடு செல்பவர்களும் வாங்கலாம். அந்தப் பணத்தில் இரண்டாவது நாளுக்கான நுழைவுச்சீட்டையே வாங்கிவிடலாம் என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். இரண்டு நாளும் பிள்ளைகளை விரட்டாமல் நடக்க முடிந்தது. ஆனால் இரண்டு பூங்கா நாட்களையும் அடுத்தடுத்து வைக்கக் கூடாது; இடையில் ஒரு நாளாவது மெதுவான நாளாக இருக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முன்பே பூங்காவின் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, குடும்பத்தினர் அனைவருடைய சீட்டுகளின் குறியீடுகளையும் அதில் சேர்த்துவிடுங்கள். மரியோ காணொளி விளையாட்டின் உலகமாக அமைத்து 2021 மார்ச் 18 அன்று திறந்த சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டு பகுதிக்குள் கூட்டமான நாட்களில் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. நேரம் குறித்த இலவச அனுமதியை, பூங்காவுக்குள் நுழைந்த பிறகு செயலியில் எடுக்க வேண்டும். அறிவித்த நேரத்துக்கு முன்பே கதவுகளைத் திறப்பது அங்கே வழக்கம் என்பதால், திறக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக வாசலில் நிற்பது நல்லது. உள்ளே நுழைந்ததும், அந்தப் பகுதி இன்னும் கட்டுப்பாடின்றித் திறந்திருந்தால் நேராக அங்கே நடந்துவிடுங்கள். இல்லையென்றால் நின்ற இடத்திலேயே அனுமதியை எடுத்துவிட்டு, 2014இல் திறக்கப்பட்ட ஹாரி பாட்டர் பகுதிக்குச் செல்லுங்கள்.

நின்டெண்டோ பகுதிக்குள் நுழைந்ததை நான் மறக்க மாட்டேன். பச்சை நிறக் குழாய் ஒன்றுக்குள் நடக்கிறோம். சுற்றிலும் இருள், விளையாட்டில் குழாய்க்குள் இறங்கும்போது வரும் அதே ஒலி. குழாய் ஓர் அரண்மனைக் கூடத்தில் முடிகிறது. கதவைத் தாண்டியதும் மாடி மாடியாக எழும் புல்வெளியும், சுழலும் தங்கக் காசுகளும், மேலும் கீழும் நகரும் காளான்களும் ஒரே சமயத்தில் கண்ணில் படுகின்றன. என் மகன் எதுவும் பேசாமல் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த இடத்தில் அவசரப்படாமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள். பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றால் போதும்.

சிறு பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். மரியோ கார்ட் சவாரிக்குத் தனியாக ஏற 122 செ.மீ. வேண்டும், பெரியவர் துணையோடு 107 செ.மீ. போதும். ஹாரி பாட்டர் கோட்டைக்குள் உள்ள பெரிய சவாரிக்கு 122 செ.மீ., குப்புறத் தொங்கியபடி பறக்கும் ஃபிளையிங் டைனோசருக்கு 132 செ.மீ. உயரம் போதாத பிள்ளையோடு ஒருவர் காத்திருக்க, மற்றவர் சவாரி முடித்து வந்ததும், வரிசையில் மீண்டும் நிற்காமல் இடம் மாறிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஊழியரிடம் ‘சைல்டு ஸ்விட்ச்’ என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். வளர்ந்த பிள்ளைகள் தனியாக அமர ஒப்புக்கொண்டால், ஒற்றையர் வரிசையில் காத்திருப்பு பெரும்பாலும் குறையும். பூங்காவைவிட்டு வெளியேறினால் பொதுவாக அன்று மீண்டும் நுழைய முடியாது. தேவையானவற்றை எல்லாம் காலையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாட்கள்

கோட்டை நாளுக்கு ஒசாகா அமேசிங் பாஸ் வாங்கினால் லாபம். கோட்டைக் கோபுரம், தோதொன்போரி கால்வாய்ப் படகு, தெம்போசான் ராட்டினம் போன்ற பல இடங்கள் அதில் அடங்கும். பூங்காவும் மீன் காட்சியகமும் அடங்காது. அதை ஒரே நாளில் நெருக்கி வைத்த இடங்களுக்குப் பயன்படுத்துங்கள்.

போர்த்தலைவர் தொயோத்தோமி ஹிதெயோஷி 1583இல் கட்டத் தொடங்கிய கோட்டை 1615இல் வீழ்ந்தது. அதன் பின் தொகுகவா ஆட்சியாளர்கள் எழுப்பிய கோபுரமும் 1665இல் இடி விழுந்து எரிந்தது. இன்று நாம் பார்ப்பது 1931இல் எழுந்த கான்கிரீட் கோபுரம். உள்ளே அருங்காட்சியகம் நன்றாக இருக்கிறது. ஆனால் பழைமையை உணர வேண்டுமென்றால் மதில்களைத்தான் பார்க்க வேண்டும். சகுரா வாயிலைத் தாண்டியதும் எதிரே ஒரே கல்லாக நிற்கும் ‘ஆக்டோபஸ் கல்’ ஏறத்தாழ 108 டன் எடை கொண்டது என்று மதிப்பிடுகிறார்கள். அதன் இடது ஓரத்தில் ஆக்டோபஸின் தலை போன்ற ஒரு பழுப்புக் கறை தெரியும். பெயருக்குக் காரணம் அதுதான். பெரும்பாலானவர்கள் கோபுரத்தைப் பார்த்தபடி அதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

இரண்டு பூங்கா நாட்களுக்கும் இடைப்பட்ட நாளுக்குக் கையூகான் மீன் காட்சியகம் மிகவும் ஏற்றது. மழை பெய்தாலும் பாதகமில்லை. 1990இல் திறக்கப்பட்ட இந்தக் காட்சியகத்தில் முதலில் எட்டாவது தளத்துக்கு ஏறி, 5,400 டன் நீர் கொண்ட நடுத் தொட்டியைச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்க வேண்டும். ஒரே திமிங்கிலச் சுறாவை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் பார்க்கலாம். வெளியே வந்ததும் சற்றுத் தள்ளி இருப்பது தெம்போசான், உயரம் 4.53 மீட்டர்தான், ஆனாலும் வரைபடத்தில் மலை. அதன் அருகே ஒரு சிறிய படகுத்துறை உண்டு. ஒசாகா மாநகராட்சி நடத்தும் இலவசப் படகு அங்கிருந்து ஆற்றைக் கடந்து சகுராஜிமாவுக்குச் செல்கிறது. நாங்கள் ஏறியபோது மிதிவண்டியோடு வந்த இரண்டு மூதாட்டிகளும் வேலைக்குப் போகும் சிலரும்தான் இருந்தார்கள். சில நிமிடங்களில் அக்கரை வந்துவிட்டது. பணம் கொடுத்துப் பார்த்த பலவற்றைவிட அந்தக் கடப்பு என் மனத்தில் நிற்கிறது.

ஒரு முழு நாளை நாராவுக்குக் கொடுங்கள். ஒசாகா-நம்பாவிலிருந்து விரைவு ரயிலில் சுமார் நாற்பது நிமிடம். ஜேஆர் நிலையத்தைவிடக் கிந்தெத்சு நிலையம் மான்கள் உலவும் பூங்காவுக்கு அருகில் இருக்கிறது. நிலையத்துக்கு வெளியே நீரூற்றின் மேல் நிற்கும் துறவியின் சிலை கியோகியுடையது. 736இல், அன்று நனிவா என்று அழைக்கப்பட்ட ஒசாகாவில் வந்து இறங்கிய போதிசேனர் என்ற இந்தியத் துறவியை வரவேற்றவர் அவர். தோதாய்ஜி கோயிலின் பெரிய வெண்கலப் புத்தருக்கு 752இல் கண் திறக்கும் சடங்கைச் செய்து வைத்தவர் அந்தப் போதிசேனர்தான். சுமார் பதினைந்து மீட்டர் உயரமுள்ள அந்த உருவத்தின் முன்னால் நிற்கும்போது இதை நினைத்துக்கொண்டால், அது அயல்நாட்டுக் காட்சியாக மட்டும் தோன்றாது.

1970 உலகக் கண்காட்சி நடந்த திடலில், ஓகமோதோ தாரோ வடித்த எழுபது மீட்டர் ‘சூரியக் கோபுரம்’ இன்றும் நிற்கிறது. அங்குள்ள தேசிய இனவியல் அருங்காட்சியகமும் பார்க்கத்தக்கது. இரண்டும் புதன்கிழமையில் மூடியிருக்கும். விவரம் தெரியாமல் நாங்கள் புதன்கிழமை போய், பூட்டிய வாயிலைப் பார்த்துவிட்டு மோனோரயிலில் திரும்பினோம். 593இல் இளவரசர் ஷோத்தோக்கு நிறுவிய ஷித்தென்னோஜி கோயிலையும், வளைந்த சிவப்புப் பாலம் உள்ள சுமியோஷி ஆலயத்தையும் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். மாலையில் 300 மீட்டர் உயரமுள்ள அபேனோ ஹாருகாஸ் மாடியிலிருந்து நகரத்தின் விளக்குகளைப் பார்க்கலாம்.

சைவ உணவு

ஒசாகாவின் பெருமையே உணவுதான். ஆனால் சைவர்களுக்கு அங்கே கவனம் தேவை. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. சூப், சாறு, நூடுல்ஸ் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ‘தாஷி’ பெரும்பாலும் உலர்த்திய மீனிலிருந்து எடுக்கப்படுவது. காய்கறி மட்டும் போட்ட ஒகோனோமியாகி என்னும் அடையின் மாவிலும் அது கலந்திருக்கும். ‘இறைச்சி, மீன், தாஷி, முட்டை எதுவும் கூடாது’ என்பதை ஜப்பானிய எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டுவதே பயனளிக்கும். நகரில் இந்திய உணவகங்கள் பல உண்டு. இரவு உணவை அங்கே வைத்துக்கொண்டு, பகலுக்கு ரொட்டி, பழம், வெறும் சோறு என்று வாங்கிக்கொள்ளலாம். என் தாயார் விடுதியறையில் வெந்நீர் ஊற்றிக் கலந்த பொடி அவல்தான் பூங்கா நாட்களின் காலைகளில் எங்கள் எல்லோருக்கும் பசியாற்றியது.

திரும்பும் நாளில், இகோகா அட்டையில் மீதமிருக்கும் தொகையை ஒரு சிறு கடையில் செலவழித்துவிட்டு, விமான நிலையத்தின் ஜேஆர் அலுவலகத்தில் அட்டையைக் கொடுத்தால், வைப்புத்தொகை 500 யென் முழுவதும் கைக்கு வந்துவிடும். மீதத் தொகை இருந்தால் அதிலிருந்து 220 யென்னைக் கட்டணமாகக் கழித்துக்கொள்வார்கள்.