கரைவெட்டியில் வரித்தலை வாத்து: ஸ்கோப் வழியே எடுக்கும் படங்கள் எங்கே கெடுகின்றன?

திபெத்திலும் மங்கோலியாவிலும் லடாக்கிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து, இமயத்தை 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில்கூடக் கடந்து வரக்கூடிய பறவை. குளிர்காலத்தில் அவற்றில் ஒரு கூட்டம், காவிரி டெல்டாவின் வடக்கு ஓரத்தில், புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர் பாயும் கரைவெட்டி ஏரியில் வந்து இறங்குகிறது. ஏரி பெரியது, வாத்தோ நட்டநடுவில் நிற்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (தூரத்துப் பறவையைப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) செல்போனைப் பொருத்திப் படமெடுப்பதுதான் கட்டுப்படியாகும் வழி. அப்படி எடுத்தவை பெரும்பாலும் மங்கிப் போவதற்குக் காரணம், பறவையால் திரையை நிரப்பிவிட வேண்டும் என்ற அவசரம்.

20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும் ஐபீஸ் (ஸ்கோப்பில் கண் வைக்கும் பக்கத்து லென்ஸ்) கையில் இருந்தால் விரல் தானாக 60-க்குப் போகிறது. 20-லிருந்து 60-க்குத் திருகும்போது போனுக்குள் போகும் காட்சியின் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. போன் அதை ஈடுகட்ட ஷட்டரை மெதுவாக்கும், படத்தில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் ஏறும், சின்ன அதிர்வும் பெரிதாகத் தெரியும். போனின் சாதாரண லென்ஸ் 26 மி.மீ. என்றால், 20 மடங்கிலேயே 520 மி.மீ. லென்ஸுக்குச் சமமான நெருக்கம் கிடைத்துவிடுகிறது. 20-க்கும் 30-க்கும் இடையில் நிறுத்தி, பிறகு படத்தின் ஓரங்களை வெட்டிக்கொள்வதே நல்லது.

அடுத்தது கானல். டெல்டாவில் படங்களைக் கெடுப்பதில் இதற்கு இணை வேறில்லை. வெயில் ஏறியதும் கரை மண்ணும் தண்ணீரும் வெவ்வேறு அளவில் சூடாகின்றன. நடுவில் உள்ள காற்று, எரியும் அடுப்புக்கு மேலே பார்ப்பதுபோல் நெளிகிறது. எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியாலும் இதைச் சரிசெய்ய முடியாது. பெருக்கம் கூடக்கூட நெளிவும் கூடும். பலர் இதை ஃபோகஸ் கோளாறு என்று நினைத்துத் திருகிக்கொண்டே இருக்கிறார்கள். ஏரியின் எதிர்க்கரையைப் பாருங்கள். மரங்களின் விளிம்பு நடுங்கினால் அன்றைக்குப் படம் முடிந்தது. போனைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால் ஸ்கோப்பில் பறவையை ரசிக்கலாம், அதுவும் நல்ல பொழுதுதான். மார்கழி, தை மாதங்களில் மூடுபனி விலகிய பிறகு வெயில் சுடுவதற்கு முன் கிடைக்கும் நேரமே படத்துக்கு உகந்தது. அப்போது கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்.

மழைக்குப் பிந்தைய ஏரிக்கரையில் ட்ரைபாட் கால்கள் மெல்லப் புதையும். ஒவ்வொரு காலையும் அழுத்தி ஊன்றிவிட்டுத் தொடங்குங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், காற்றில் முதலில் ஆடுவது அதுதான். திரையைத் தொட்டுப் படமெடுத்தால் அந்தத் தொடுதலே படத்தைக் கலைத்துவிடும். இரண்டு வினாடி டைமர் போதும். இயர்போனின் ஒலிப் பொத்தானும் உதவும்.

போன் தானாக வேறு லென்ஸுக்குத் தாவினால் திரை திடீரென்று கறுத்துப்போகும். முதன்மை லென்ஸில் நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். படத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்தால், போனை ஸ்கோப்போடு இணைக்கும் அடாப்டர் நடுவில் உட்காரவில்லை அல்லது லென்ஸுக்கும் ஐபீஸுக்கும் இடைவெளி சரியில்லை என்று பொருள். இதை ஏரிக்கரையில் நின்று சரிசெய்ய முயல வேண்டாம். வீட்டு மாடியிலிருந்து தூரத்துத் தென்னங்கீற்றைப் பார்த்துப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

வெளிச்சத்தைப் போனிடமே விட்டுவிடுவதும் தவறு. வரித்தலை வாத்துக்கு வெள்ளைத் தலை, அதன் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள். இருண்ட தண்ணீரைப் பார்த்துப் போன் வெளிச்சத்தைக் கூட்டினால் தலை சுண்ணாம்புப் பொட்டாகிவிடும், அடையாளமே போய்விடும். பறவையின் மேல் ஃபோகஸைப் பூட்டி, எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி குறையுங்கள்.

ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், திரும்பியதும் ஸ்கோப்பைத் துடைத்துச் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கோடியக்கரைப் பக்கம் போனால் லென்ஸில் உப்புப் படியும். அதை ஊதித் தள்ளாமல் துண்டு முனையால் தேய்த்தால் கீறல் விழும்.

எனக்கு மிகவும் கவலை தருவது கிட்டப் போவதுதான். இந்த வாத்துகள் காலையிலும் மாலையிலும் வயல்களில் மேயும், பகலில் ஏரியில் ஓய்வெடுக்கும். ஓய்வு நேரத்தில் ஒருமுறை கிளப்பிவிட்டாலும், திரும்பும் பயணத்துக்குச் சேர்க்க வேண்டிய கொழுப்பில் கொஞ்சம் வீணாகிறது. மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். தலைகள் தாழாவிட்டால் நாலு எட்டுப் பின்னால் போங்கள். கரைவெட்டி சரணாலயம், 2024 முதல் ராம்சர் தலமும்கூட (உலக முக்கியத்துவம் பெற்ற சதுப்புநிலம்). படமெடுக்க அனுமதி தேவையா என்று வனத்துறையினரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மங்கோலியாவில் எழுத்தும் எண்ணும் பொறித்த கழுத்துப்பட்டை மாட்டிய வாத்துகள் தென்னிந்தியாவில் தென்பட்டிருக்கின்றன. கூட்டத்தில் அப்படி ஒன்று இருந்தால் அழகான கோணத்துக்குக் காத்திருக்காமல் குறியீடு படிக்கும்படி எடுங்கள். நிறம், எழுத்து, தேதி, ஏரியின் பெயர் நான்கையும் எழுதி, பறவைகளுக்கு வளையமிடும் ஆய்வாளர்களுக்கு அனுப்புங்கள்.