பேரப்பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்வது எப்படி: மொரிசியஸ் தாத்தா பாட்டிகளுக்கு

பேரனை எதிரே உட்கார வைத்து "ஸ்கூல் எப்படிப் போகுது?" என்று கேட்டால் "கொரேக்" (பரவாயில்லை) என்று ஒரு வார்த்தை வரும், அதோடு சரி. அது அவன் தப்பு இல்லை. நம்மை யாராவது அப்படிக் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடத்தான் பார்ப்போம். பேச்சு தானாக வர வேண்டுமென்றால் இரண்டு பேர் கையிலும் ஒரே வேலை இருக்க வேண்டும், அதுவும் பிள்ளையைச் சமாளிக்கக் கொடுத்த வேலையாக இல்லாமல், அது செய்யாவிட்டால் உண்மையிலேயே நின்றுபோகிற வேலையாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் இதுதான் விஷயம். பரிசு, கேக், பீச்சுக்குக் கூட்டிப்போவதெல்லாம் அப்புறம்.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். நியாயம்தான். பள்ளி விட்டதும் லெசோன் என்கிற டியூஷன், சனிக்கிழமையும் லெசோன், ஆரம்பப் பள்ளி முடிவில் எழுதுகிற பிஎஸ்ஏசி பரீட்சை வருகிற வருஷம் என்றால் வீட்டில் டிவி சத்தம்கூடக் கேட்காது. அதனால் பெரிய திட்டம் எதுவும் போடாதீர்கள். வாரத்தில் ஒரே ஒரு நேரத்தைப் பிடித்து, அதை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலைச் சந்தையாக இருக்கலாம், லெசோனுக்குக் கூட்டிப்போகிற பஸ் பயணமாகவும் இருக்கலாம். 2005லிருந்து முதியவர்களுக்கு பஸ் இலவசம், அதை நாம் ஆஸ்பத்திரிக்கும் பென்ஷன் வேலைக்கும் மட்டும்தான் பயன்படுத்துகிறோம். காரின் பின் சீட்டில் போனை நோண்டிக்கொண்டு வருகிற அதே பிள்ளை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கேள்வி கேட்கும். கரும்புத் தோட்டத்து நடுவில் ஒற்றையாக நிற்கிற அந்தக் கல் சிம்னி என்ன என்று கேட்கும். அங்கே ஒரு சர்க்கரை ஆலை இருந்ததையும், உங்கள் அப்பா அங்கே என்ன வேலை பார்த்தார் என்பதையும் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது.

சமையலறையில் இன்னும் சுலபம். வாழையிலையில் ஏழு கறி விருந்து சமைக்கிற நாளில் பிள்ளைகளை "போய் விளையாடு" என்று விரட்டுவதுதான் பல வீடுகளில் பழக்கம், எனக்கு அது புரிவதே இல்லை, ஏனென்றால் ஆள் பற்றாமல் தவிக்கிற நாளே அதுதான். ஐந்து வயதுப் பிள்ளை வாழையிலையைத் துடைக்கும். எட்டு வயதானால் பூரிக்கு உருண்டை பிடிக்கும், பத்து வயதானால் வருகிறவர்களை எண்ணி இத்தனை இலை வேண்டும் என்று கணக்குச் சொல்லும். ரோஸ் காரி என்று இங்கே சொல்கிற அம்மிக்கல் வீட்டில் இருந்தால் சட்னி அரைக்க விடுங்கள், மிக்ஸி இருக்கட்டும். கொஞ்சம் திப்பியாக வரும். அதைத் திரும்ப அரைக்காமல் அப்படியே பரிமாறுங்கள், அவன் அரைத்தது என்று சொல்லியே பரிமாறுங்கள், அடுத்த தடவை கூப்பிடாமலே வந்து நிற்பான்.

தைப்பூசக் காவடியும் அப்படித்தான். விரதம் நடக்கிற பத்து நாளும் வீட்டில் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாமே மாறிவிடும், பிள்ளைகளுக்கோ "இதைத் தொடாதே, அதைச் சாப்பிடாதே" என்பது மட்டும்தான் காதில் விழும். காவடிக்குத் தென்னங்குருத்து பின்னுவதும் பூக்கட்டுவதும் தாத்தா கையில் இருக்கிற வித்தை, அதை ஒரு முடிச்சாவது இந்த வருஷம் பேத்தி கைக்கு மாற்றிக் கொடுங்கள். வெயிலில் அந்த ரோஸ் நிறத் துணியோடு பால்செம்பைத் தூக்கிக்கொண்டு கோவில் மொந்தாஞ் என்கிற மலைக்கோவில் படியேறும்போது, காவடியில் எந்தப் பக்கம் தான் பின்னியது என்று அவளுக்குத் தெரியும். கடையில் வாங்கியதை மாட்டினால் அவளுக்கு அதில் பங்கு இல்லை.

இனி பாஷை. நம் வீடுகளில் பேச்சு க்ரியோலில்தான், அதை ஒத்துக்கொள்வோம். "தமிழில் பேசினால்தான் பதில் சொல்வேன்" என்று பிடிவாதம் பிடித்தால் பிள்ளை பேசுவதையே நிறுத்திவிடும். ஆனால் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? பள்ளியில் தமிழ் எடுத்த பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், பாட்டு வராது. பாட்டிக்குத் தேவாரம் மனப்பாடம், பலருக்குப் படிக்க வராது. இரண்டையும் ஒரே பாயில் உட்கார வையுங்கள். அவன் விரல் வைத்துப் படிக்கட்டும், நீங்கள் ராகத்தோடு பாடுங்கள், அவன் தடுமாறுகிற இடத்தில் நீங்கள் எடுத்துக் கொடுங்கள், உங்களுக்குத் தெரியாத எழுத்தை அவனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். சொல்லிக்கொடுக்கிற இடத்தில் பிள்ளை உட்கார்ந்தால் உறவே வேறு மாதிரி ஆகிவிடும். புத்தகம் இல்லையா, பர்ஸைத் திறங்கள். நம் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, 100 ரூபாய் நோட்டில் நம் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் முகமும் இருக்கிறது. சரியாகப் படித்தால் நோட்டு அவனுக்கு என்று வைத்துக்கொண்டால் எப்படி வேகமாகப் படிக்கிறான் பாருங்கள். (25 ரூபாயில் ஆரம்பிப்பது பர்ஸுக்கு நல்லது.)

கதை சொல்ல நல்ல நாள் புயல் நாள். மூன்றாம் எச்சரிக்கை வந்துவிட்டால் யாரும் வெளியே போக முடியாது, கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும், லெசோன் கிடையாது. அன்றைக்கு "அந்தக் காலத்தில்" என்று பொதுவாக ஆரம்பிக்காதீர்கள், பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை கேட்டாலே தூக்கம் வரும். 1960இல் கரோல் புயல் அடித்தபோது கூரையை எதால் கட்டினார்கள், 1975இல் ஜெர்வேஸ் வந்தபோது நீங்கள் எங்கே ஒதுங்கினீர்கள், மறுநாள் என்ன சாப்பிட்டீர்கள், இப்படிக் குறிப்பாகச் சொல்லுங்கள். ஓலை வீடும் தகர வீடும் போய் இந்த கான்கிரீட் வீடுகள் ஏன் வந்தன என்பது அந்தக் கதையிலேயே இருக்கிறது. பேரன் போனில் சார்ஜ் மிச்சம் இருந்தால் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாத்தா பாட்டியிடம் பிள்ளையை விட்டால் நடுநடுவே போன் செய்து "என்ன சாப்பிட்டான், ஹோம்வொர்க் முடித்தானா" என்று விசாரிக்காதீர்கள். மருந்து, அலர்ஜி, நீச்சல் தெரியாத பிள்ளையைக் கடலில் இறக்குவது, இந்த மாதிரி விஷயங்களில் மட்டும் கறாராக இருங்கள், காத்தோ பிமா என்கிற மிளகாய் வடை ஒன்று கூடுதலாகத் தின்றால் ஒன்றும் ஆகிவிடாது. அதே சமயம் ஐந்து நாளும் சம்பளமில்லாத ஆயாவாக அம்மாவை வைத்துக்கொண்டு, "பிள்ளையோடு ஒட்டவே மாட்டேங்குறாங்க" என்று குறை சொல்வதும் சரியில்லை. சோர்ந்துபோன மனுஷிக்குப் பிள்ளையைக் கொஞ்சத் தெம்பு இருக்காது. தாத்தா பாட்டிகளே, மருமகளைப் பற்றிய புகாரைப் பிள்ளை காதில் போடாதீர்கள். அது அப்படியே அவளிடம் போய்ச் சேரும், பிள்ளை உங்களிடம் வருகிற நாட்கள் குறையும்.

பேரப்பிள்ளை மெல்போர்னிலோ மான்ட்ரியலிலோ இருந்தால் வீடியோ காலிலும் இதே கணக்குத்தான். முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ரெண்டு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். போனைச் சாய்த்து வைத்துவிட்டு முருங்கைக்கீரை ஆயுங்கள், அந்தப் பக்கம் அவள் படம் வரையட்டும். பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் காவடியும் பூரியும் போரடித்தால் பெரிய வேலை ஒன்று இருக்கிறது: உங்கள் குடும்பத்தில் முதலில் கப்பலில் வந்தவரைத் தேடுவது. மோக்காவில் இருக்கிற மகாத்மா காந்தி நிறுவனத்தில் கூலிக்கு வந்தவர்களின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன, பெயர், அப்பா பெயர், வயது, உயரம், ஊர், கப்பல் என்று, சிலருக்குப் புகைப்படமும் உண்டு. பிறப்பு, கல்யாணச் சான்றிதழ்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னால் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். அந்த வேலை பேரனுக்கு. பெயர்களைக் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள், ஒரே முருகன் நாலு விதமாக இருப்பான், யார் யாருக்கு அண்ணன், எந்தத் தோட்டத்து ஆள் என்று சொல்ல தாத்தா வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைக்காரர் வம்சமாக இருந்தால் இந்தப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை, அதையும் முதலில் தாத்தாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். போன் செய்து நேரம் விசாரித்துவிட்டு, பள்ளி விடுமுறையில் ஒரு வாரநாளாகப் பார்த்து இரண்டு பேரையும் அனுப்புங்கள், நீங்கள் கூடப் போக வேண்டாம்.