மறுபடியும் ஓடிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா

1989இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்ற கணினி விளையாட்டைத் திரும்ப ஆடவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பழைய கோப்பைப் புது மடிக்கணினியில் திறந்தால் ஓடவே இல்லை, டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு எழுதிய 16 பிட் நிரலை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. பழைய டாஸ் கணினிபோல நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, விளையாட்டு இருந்த கோப்புறையை அதில் சி டிரைவாக மவுண்ட் செய்ததும், அதாவது இணைத்ததும், திறந்தது, ஆனால் இளவரசன் திக்கித்திக்கி ஓடினான். அப்புறம்தான் சாளரத்தின் மேலே சைக்கிள்ஸ் 3000 என்று இருந்ததைக் கவனித்தேன், டாஸ்பாக்ஸ் ஓடும் வேகம் அது. கன்ட்ரோலோடு எஃப்12-ஐத் தட்டத்தட்ட அந்த எண் ஏறியது, ஓட்டமும் சீரானது.

இந்த விளையாட்டை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்தவைதான் இளவரசனின் அசைவுகள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு விளிம்புவரை அடியடியாக நடந்துபாருங்கள், கீழே முள் சட்டென்று மேலே வரும், நெஞ்சு இன்றும் பதறுகிறது. 60 நிமிடத்துக்குள் 12 கட்டங்களை முடிக்கவேண்டும், அவசியம் ஆடுங்கள்.