மனைவி வன்னியில், நீங்கள் கனடாவில்: ரக்ஸ் படிவத்தில் 'சிங்கிள்' என்று போடாதீர்கள்

இலங்கையின் வன்னியில், விசுவமடுவில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். ஆறு கிழமை லீவில் வந்திருக்கிறேன். வந்த நாளிலிருந்து யாராவது ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்து, "தம்பி, மருமகன் கனடாவுக்குப் போயிட்டார், அங்க முதல்ல என்ன செய்யவேணும் எண்டு சொல்லிவிடுங்கோ" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடியவில்லை. இங்கிருந்து கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குப் போய், குறைந்த சம்பளத்தில் வேலை தொடங்கி, குடும்பத்தைப் பிறகு கூப்பிடப் போகிறவர்களுக்காகத்தான் இது.

சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் அரசாங்கம் தரும் இலக்கம்), வங்கிக் கணக்கு, ஹெல்த் கார்ட் எல்லாம் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிற சொந்தக்காரரே செய்து தருவார். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ரக்ஸ், அதாவது வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் வருமான வரி என்றால் பெரிய முதலாளிமாரின் விஷயம். வயலும் தோட்டமும் செய்கிறவர் ஒருவரும் வரிப் படிவம் நிரப்பி நான் பார்த்ததில்லை. அதனால் அங்கே போனதும், "நான் உழைக்கிறதே கொஞ்சம், எனக்கென்ன ரக்ஸ்" என்று விட்டுவிடுகிறோம். கனடாவில் குறைவாக உழைக்கிறவர்தான் கட்டாயம் ரக்ஸ் செய்ய வேண்டும். கமநல சேவை நிலையத்தில் பதியாமல் உர மானியம் கிடைக்குமா? அதே கணக்குத்தான். ரக்ஸ் செய்தால்தான் ஜிஎஸ்ரி காசு (பொருள் வாங்கும்போது கட்டும் வரிக்கு ஈடாக அரசாங்கம் தருவது) மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும், வாடகை கட்டுகிறவருக்கு ஒன்ராறியோவின் ட்ரிலியம் கொடுப்பனவு வரும். வேலை செய்தும் வருமானம் போதாதவருக்கென்று வேர்க்கர்ஸ் பெனிபிற் என்று ஒன்று இருக்கிறது. 2024ஆம் ஆண்டுக்கு அது தனி ஆளுக்கு 1,590 டொலர் வரை, குடும்பத்துக்கு 2,739 டொலர் வரை. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஒரு வருடம், அடுத்த ஏப்ரல் 30 கடைசித் திகதி. ஒரு டொலரும் உழைக்காவிட்டாலும் செய்யுங்கள். மனைவி அங்கே வந்த பிறகு வீட்டில் இருந்தாலும் அவரும் தனியாகச் செய்ய வேண்டும். இருவரில் ஒருவர் விட்டாலும் பிள்ளை வளர்க்க அரசாங்கம் தரும் பிள்ளைக் காசு ஜூலையோடு நின்றுவிடும்.

சரி, இனி என் கதை.

நான் போகும்போது கல்யாணம் முடித்து மூன்று வருடம். மகள் கைக்குழந்தை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறை, பேக்கரியில் இரவு வேலை. முதல் வருடம் ரக்ஸ் செய்ய எங்கள் ஆள் ஒருவரிடம் போனேன். அவர் வேலைத்தாளை வாங்கிப் பார்த்து, "தனியத்தானே இருக்கிறீர்?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அறையில் தனியாக இருப்பதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் 'சிங்கிள்', அதாவது கல்யாணம் ஆகாதவர், என்று போட்டார். நான் கையெழுத்து வைத்தேன். அடுத்தடுத்த வருடங்களும் பழைய கோப்பைப் பார்த்து அப்படியே போட்டார். பத்து நிமிட வேலை, அறுபது டொலர்.

மனைவி எந்த நாட்டில் இருந்தாலும் நீங்கள் திருமணமானவர்தான். விசா கிடைக்கவில்லை என்பதற்காகப் பிரிந்திருப்பது 'பிரிந்து வாழ்பவர்' என்ற கட்டத்துக்குள்ளும் வராது. உறவு முறிந்து, அதனால் 90 நாள் தனித்தனியே இருந்தால்தான் அந்தக் கட்டம். ஆகவே 'திருமணமானவர்' என்றே போட வேண்டும். மனைவியின் பெயரை எழுத வேண்டும். ஊரில் அவருக்கு ஏதாவது வருமானம் இருந்தால் அதைக் கனடிய டொலரில் மாற்றி எழுத வேண்டும். அவருக்கு சின் நம்பர் இல்லாதது தடையே இல்லை.

உண்மையை எழுதினால் நட்டம் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஊரில் இருக்கும் மனைவி உங்கள் காசில்தான் சீவிக்கிறார் என்றால், அவருக்காக உங்கள் வரியைக் குறைத்துக் கேட்கலாம். 2023ஆம் ஆண்டுக்கு அந்தத் தொகை 15,000 டொலர் வரை. மனைவிக்கு வருமானம் இருந்தால் அந்த அளவு கழியும். அந்த ஆண்டில் மிச்சத்தில் 15 வீதம் மத்திய வரியில் குறைந்தது, அதாவது கூடியது 2,250 டொலர். ஒன்ராறியோ வரியிலும் கொஞ்சம் குறையும். நீங்கள் கட்ட வேண்டிய வரிக்கு மேல் கைக்குக் காசாக வராது, ஆனால் முழுநேர வேலை செய்கிறவருக்கு அது பெரிய உதவி. அம்மா அப்பாவுக்கு அனுப்புவதற்கு இப்படி ஒன்றும் இல்லை. அதை நாங்கள் ரக்ஸுக்காக அனுப்புவதும் இல்லை.

நான் இதைக் கேட்டறிந்தது மனைவியும் மகளும் வந்த பிறகுதான். பிழையைத் திருத்தலாம், பத்து வருடம் வரை பின்னோக்கிப் போய்த் திருத்த இடமிருக்கிறது. ஆனால் காசு அனுப்பியதற்கு ஆதாரம் வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் திகதி என்று எழுதிய பற்றுச்சீட்டு. என்னிடம் எங்கே இருந்தது? எல்லாம் உண்டியலில், வங்கிக்கு வெளியே, போனது. ஸ்காபரோவில் கடையில் காசைக் கொடுத்தால், அரை மணித்தியாலத்தில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டு வாசலில் எண்ணிக் கொடுப்பான். 2022இல் ரூபாய் விழுவதற்கு முன் வங்கி விலைக்கும் உண்டியல் விலைக்கும் இருந்த இடைவெளி உங்களுக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தில் பால்மா வாங்கலாம் என்றுதான் எல்லோரும் அப்படி அனுப்பினோம். கடைசியில் என் கையில் இருந்தது, "மருமகன், காசு கிடைச்சிட்டுது" என்று மாமி பேசி அனுப்பிய வாட்ஸ்அப் குரல்கள். மகளுக்கு டெங்கு வந்தபோது அவசரத்துக்கு வங்கியால் அனுப்பிய இரண்டு பற்றுச்சீட்டுகள் மட்டும் உருப்படியாக இருந்தன. பல வருட இரவு வேலை, அதற்கு இரண்டு துண்டுக் காகிதம். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

அதோடு முடியவில்லை. பிள்ளைக் காசுக்கு மனைவி விண்ணப்பித்தார். பொதுவாகத் தாயின் பெயரில்தான் அது வரும். படிவத்தில் கல்யாணத் திகதி கேட்கிறார்கள். அவர் உள்ளதை எழுதினார். என் கோப்பில் அத்தனை வருடமும் 'சிங்கிள்'. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. திருமணப் பதிவு, மகளின் பிறப்புப் பதிவு, மொழிபெயர்ப்பு என்று ஒவ்வொன்றாக ஊரிலிருந்து எடுப்பித்து அனுப்பி முடிய ஏழு மாதம். வந்தபோது பிந்திய காசும் சேர்ந்துதான் வந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த ஏழு மாதமும் அவர்களுடைய முதல் குளிர்காலம். இரண்டு பேருக்கும் கோட், சப்பாத்து, பெரிய வீட்டுக்கு முன்பணம். நான் மற்றவர்களோடு சேர்ந்து மாதாமாதம் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த சீட்டை, காசை முந்தி எடுப்பதற்காகக் கழிவுக்குக் கூறி எடுத்தேன். அந்தக் கழிவு திரும்பி வராது.

பிள்ளைக் காசு எவ்வளவு என்று தெரிந்தால்தான் இதன் பாரம் விளங்கும். 2025 ஜூலையிலிருந்து 2026 ஜூன் வரை, குடும்ப வருமானம் 37,487 டொலருக்குக் குறைந்தால், 6 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வருடம் 7,997 டொலர், 6 முதல் 17 வயது வரை 6,748 டொலர். அகதிக் கோரிக்கை முடிவுக்குக் காத்திருப்பவருக்கு இது பொதுவாகக் கிடைக்காது. ஏற்றுக்கொள்ளப்பட்டதும், அல்லது நிரந்தர வதிவிடம் கிடைத்ததும், நாள் கடத்தாமல் விண்ணப்பியுங்கள்.

சேமிப்புப் பற்றியும் ஒரு சொல். ஊரில் மாதர் சங்கத்திலும் சிக்கன கடன் சங்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் நல்லது, விடாதீர்கள். சீட்டை மட்டும் நான் விட்டுவிட்டேன். ஊரில் சீட்டை நடத்துகிற தாய்ச்சீட்டுக்காரியின் வீடு எது, வளவு எது என்று எல்லோருக்கும் தெரியும். கனடாவில் ஒருவர் ஒரே இரவில் வீடு மாறிப் போகலாம். இப்போது ரிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடுகிறேன். அதிலிருந்து எடுக்கும் காசை வருமானமாகப் பார்ப்பதில்லை, பிள்ளைக் காசும் குறையாது.

போருக்குப் பிறகு நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் நின்றதால் எங்கள் பெண்களுக்குக் 'கொம்பனி' என்றாலே பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதனால் லேர்னிங் பொண்ட் என்ற படிப்புக் காசைத் தவறவிடாதீர்கள். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு அரசாங்கம் முதலில் 500 டொலரும், பிறகு தகுதியுள்ள ஒவ்வொரு வருடமும் 100 டொலருமாக, மொத்தம் 2,000 டொலர் வரை போடும். நீங்கள் ஒரு டொலரும் போடத் தேவையில்லை. பிள்ளைக்கு சின் நம்பர் எடுத்து, வங்கியில் ஆர்ஈஎஸ்பி என்ற படிப்புச் சேமிப்புக் கணக்குத் திறந்து, இந்தப் பொண்டுக்கும் விண்ணப்பித்தால் போதும். இதே ஆர்ஈஎஸ்பியை வீட்டுக்கு வந்து விற்கிறவர்களும் உண்டு. மாதம் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு மனம் மாறினால், 60 நாளுக்குள் விலகுங்கள், கட்டியது முழுதும் திரும்ப வரும். அதற்குப் பிறகு விலகினால் கட்டணம் போனதுதான்.

ரக்ஸை எங்கே செய்வது? குறைந்த வருமானக்காரருக்கு இலவசமாகச் செய்துதரும் தொண்டர்கள் மார்ச், ஏப்ரலில் சமூக நிலையங்களில் இருப்பார்கள். அவர்களிடம் போங்கள். காசு கொடுத்துச் செய்தாலும், மீளவரும் பணம் உங்கள் கணக்குக்கே வர வேண்டும். அனுப்ப முதல் படிவத்தின் முதல் பக்கத்தை வாசியுங்கள். இங்கிலிஷ் விளங்காவிட்டால் திருமண நிலையைக் கேட்கும் இடம் எது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. காசு வங்கிக் கணக்குக்கே வரட்டும், மனைவியின் பெயரில், மாமியின் பெயரில் அல்ல. பதிவுகளின் பிரதியை இப்போதே எடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்த சனம் நாங்கள், ஒரு காகிதம் இல்லாமல் நிற்பது என்னவென்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் மகள் கைப்பிள்ளையோடு இருக்கிறாள். அவளுடைய கணவர் போய் நாலு மாதம். நாளைக்குக் காலமை அவளைக் கூட்டிக்கொண்டு புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகத்துக்குப் போகிறேன், திருமணப் பதிவில் இரண்டு பிரதி எடுக்க. அப்படியே வங்கிக்கும் போய் அவள் பெயரில் ஒரு கணக்குத் திறக்க வேண்டும்.